மாவு ஆகாத மாஸ்டர்

அந்தத் தெருவில் மாஸ்டர் என்றால் ஒருவர்தான். பள்ளிக்கூடத்து மாஸ்டர் இல்லை, பேக்கரி மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மனைவிக்கு 'மாஸ்டர் வீட்டம்மா' என்று பெயர். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் 'மாஸ்டர் பொண்ணு' தான். சபையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போதுகூட, "நம்ம மாஸ்டரோட சுகத்துக்காக" என்றார்கள். ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று யாரும் கவலைப்படவில்லை.

அடையாளம் தெரியாமல் போகிற ஆளும் இல்லை அவர். புருவத்தில் எப்போதும் மாவு இருக்கும். குளித்தாலும் போகாது. முன்னங்கை இரண்டும் கடைந்தெடுத்த கட்டை மாதிரி உருண்டிருக்கும். பேக்கரியில் தராசு இருந்தாலும் அவர் அதன் பக்கம் போகமாட்டார். மூக்குதான் அவருக்குத் தராசு. மாவு பொங்கிவிட்டதா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா, அடுப்பின் எந்த மூலையில் சூடு கூடியிருக்கிறது, எல்லாவற்றையும் மூக்கு சொல்லும். முதலாளி எப்போதாவது உள்ளே எட்டிப்பார்த்து, "என்ன மாஸ்டர், வெந்துடுச்சா?" என்று கேட்டால், "இன்னும் பச்சை வாசனை அடிக்குதே, உங்களுக்கு ஜலதோஷமா?" என்பார்.

பேக்கரி வேலைக்காரர்கள் எல்லாருமே தும்முவார்கள். மாவுத் தூள் அப்படி. தும்மினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மாஸ்டரின் தும்மல் இருமலானது. இருமல் இளைப்பானது. மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். கடைசியில் வீட்டம்மாதான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஒரு துணிக்கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் துணிகளை மடித்து அடுக்குகிறவள். எதுவும் மடிப்புக் கலையக் கூடாது அவளுக்கு.

டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"என்ன வேலை செய்றீங்க?"

"ரொட்டி போடுறேம்மா."

"எவ்வளவு காலமா?"

"மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்தே."

"மாவு உங்களுக்கு ஆகாது. சாப்பிடலாம், சுவாசிக்கக் கூடாது. பேக்கரிப் பக்கமே போகாதீங்க. வீட்டுலயும் மாவு பறக்கக் கூடாது."

மாஸ்டர் சிரித்தார். "மீனைக் கூப்பிட்டுத் தண்ணி உனக்கு ஆகாதுன்னு சொல்ற மாதிரி இருக்கும்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "போன மூச்சு திரும்ப வராது பெரியவரே. இருக்கிறதை வேணும்னா காப்பாத்திக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா முதல் வேலையாக மாவு டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். டப்பா இருந்த இடத்தை ஈரத்துணியால் இரண்டு தரம் துடைத்தாள். "இனிமே இந்த வாசப்படியைத் தாண்டி மாவுன்னு ஒண்ணு உள்ள வந்தா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள்.

டாக்டரிடம் சொல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. மூக்கு செத்துப்போயிருந்தது. எப்போது போனதென்று அவருக்கே தெரியாது. ஒருநாள் பால் தீய்ந்து வீடெல்லாம் நெடி அடித்தது, அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எந்த உலகத்துல இருக்கீங்க?" என்று வீட்டம்மா திட்டினாள். யோசனையில் இருந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். மூக்கு போனதை ஒரு ரொட்டி மாஸ்டர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே சொல்வார்?

பேக்கரிக்குப் புது ஆள் வந்தான். நல்ல உயரம், நெட்டை என்று பெயர் வைத்தார்கள். மாஸ்டர் ஒருமுறை பழக்க தோஷத்தில் அந்தப் பக்கம் போனபோது முதலாளி வாசலுக்கே ஓடிவந்து, "இங்கேயே நில்லுங்க மாஸ்டர், உள்ள தூசி" என்று நாற்காலியை வெளியில் போட்டார். மரியாதைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து யாரோ "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். ஆசையாகத் திரும்பினார். கூப்பிட்டது நெட்டையை. அவன் கையில் தட்டோடு "வரேன், வரேன்" என்று உள்ளிருந்து பதில் சொன்னான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை.

இனி அவருக்கென்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருவிருந்து, ஏசுவின் நினைவாக ரொட்டியைப் பிட்டுச் சபையார் பகிர்ந்து உண்பது. அதற்கு வேண்டிய அப்பத்தைக் கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் சுட்டுக் கொடுத்துவந்தார். எல்லாரும் காணிக்கைப் பையில் எதையோ போடுகிறார்கள், நான் ஆண்டவருடைய மேசைக்கே அப்பம் வைக்கிறேன் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. வெளியே சொன்னதில்லை. போதகர் அப்பத்தை எடுத்து உயர்த்தும்போது சபையெல்லாம் தலை குனிந்திருக்கும். மாஸ்டர் மட்டும் தலை நிமிர்ந்து மேல் பொருக்கின் நிறத்தைப் பார்ப்பார். நிறம் சரியாக இருந்தால் அந்த மாதம் ஜெபம் கேட்கப்பட்ட மாதிரி. கொஞ்சம் கருகியிருந்தால் அடுத்த மாதம்வரை கடவுள் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கும்.

போதகர் அவரைவிட வயதில் சின்னவர். "அண்ணே, இனிமே கடையிலேயே வாங்கிக்கலாமே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எதுக்கு பாஸ்டர்? நெட்டைகிட்ட சொல்லியிருக்கேன். அவன் செஞ்சு தருவான். நான் வாங்கிட்டு வந்து குடுத்துடறேன்."

பச்சைப் பொய். நெட்டையிடம் அவர் வாயே திறக்கவில்லை.

மகள் ஊருக்குப் போகும்முன் ஒரு சின்ன மின்சார அடுப்பை விட்டுவிட்டுப் போயிருந்தாள். வீட்டம்மா வேலைக்குப் போன பிறகு மாஸ்டர் கடைக்குப் போய் மாவு வாங்கிவந்தார். ஈரத்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பாத்திரத்துக்குள் தண்ணீரை முதலில் ஊற்றி அதன் மேல் மாவைப் பூப்போல விட்டார். திருடன் மாதிரி இருந்தது. ஆனால் கை மாவுக்குள் போனதும், வெகுநாள் பிரிந்திருந்த பிள்ளையைத் தொட்ட மாதிரியும் இருந்தது. "ஆண்டவரே, நான் இன்னும் இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

மிச்ச மாவை எங்கே வைப்பது? சமையலறையில் வைத்தால் அவள் கண்ணில் படாமல் போகாது. யோசித்து யோசித்துத் துணி அலமாரியின் அடித்தட்டில், கம்பளிகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் கட்டிச் செருகிவிட்டார். குளிர் வரும்வரை அந்தத் தட்டை யாரும் கலைக்கமாட்டார்கள்.

அந்த மாதத்து அப்பம் அருமையாக வந்தது. எல்லாரும் நெட்டையைப் பாராட்டினார்கள். மாஸ்டருக்குச் சிரிப்பாக வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அடுத்த சில நாட்கள் இளைப்பு வாட்டியெடுத்தது. "மழை ஈரம்" என்று வீட்டம்மாவிடம் சொன்னார்.

அடுத்த மாதம் அலமாரியிலிருந்த அதே மாவை எடுத்தார். நடுவில் நடந்த ஒன்று அவருக்குத் தெரியாது. கம்பளிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க வீட்டம்மா அடித்தட்டில் கைநிறைய அந்துருண்டைகளைப் போட்டிருந்தாள். கையை நீட்டிப் பின்பக்கமாக உருட்டிவிட்டாள், குனிந்து பார்க்கவில்லை. மாவு எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பேக்கரிக்காரனுக்கு இது பாலபாடம். மாவு மூட்டைப் பக்கத்தில் வெங்காயத்தை வைத்ததற்காக அவரே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். பையைப் பிரித்தபோது அந்த நெடி முகத்தில் அடித்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றிருப்பார்கள். மாஸ்டர் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு பாட்டு முனகியபடி பிசைந்தார்.

நிறம் இதுவரை வந்ததிலேயே நன்றாக வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காற்றுக்காகக் கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போதகர் அப்பத்தை உயர்த்தினார். பொருக்கைப் பார்த்து மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்தது. போதகர் பிட்டார். பிட்டவர் ஒரு கணம் நின்றார். பிறகு எதுவும் நடக்காததுபோலத் துண்டுகளைத் தட்டில் வைத்து அனுப்பினார்.

தட்டு முன் பெஞ்சிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. வாயில் போட்டவர்கள் ஒவ்வொருவராக அசையாமல் போனார்கள். கடிகாரம் பழுதுபார்க்கிறவர், தடித்த மனுஷர், தாடையை ஒருமுறை அசைத்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார். ஓய்வுபெற்ற டீச்சரம்மா கண்ணை இறுக மூடினாள், பக்தியால் இல்லை. வெறும் ரொட்டியாக இருந்தால் துப்பிவிட்டுப் போகலாம். திருவிருந்து அப்பத்தை யார் துப்புவது? சபை மொத்தமும் அதை மென்றது. மென்று விழுங்கியது. ஒருவர் முகத்தையும் ஒருவர் பார்க்கவில்லை.

நடு பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. அவளுக்கு அப்பம் கொடுக்கும் வயதில்லை, அம்மா மடியில் இருந்தாள். "அம்மா, உன் வாயில அலமாரி வாசனை அடிக்குது." யாரோ இருமினார்கள். அம்மா தொடையில் கிள்ளியிருக்க வேண்டும், பெண் அழ ஆரம்பித்தாள்.

தட்டு கடைசி பெஞ்சுக்கு வந்தது. மாஸ்டர் ஒரு துண்டை வாயில் வைத்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் வீட்டம்மா வைத்தாள். அவள் மெல்லவே இல்லை. மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் வீட்டு அலமாரியின் வாசனை அவளுக்குத் தெரியாதா? முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். கடிகாரக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னும் ஒரு வருஷத்துக்கு என் வயித்துல பூச்சியே வராது."

எல்லாரும் அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்தது.

"அந்த நெட்டைப் பய மாவை எங்க வச்சிருந்தான்னு கேளுங்க பாஸ்டர். முதலாளிகிட்ட சொல்லி ஒரு வழி பண்ணணும்."

"நாளைக்கே போய்ப் பாக்கறேன்" என்றார் போதகர்.

வீட்டம்மா செருப்பைப் போடுவதுபோல் குனிந்துகொண்டாள். மாஸ்டர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் இல்ல" என்றார். "நெட்டைக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் வீட்டுல செஞ்சேன். எனக்கு மூக்கு வேலை செய்யல. போய் ரொம்ப நாளாச்சு."

சிரிப்பு அப்படியே நின்றது. அதைவிட மோசமானது அடுத்துவந்தது. "அதனால என்ன மாஸ்டர், நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் டீச்சரம்மா. "லேசா ஒரு வாசனை, அவ்வளவுதான்" என்றார் இன்னொருவர். கடிகாரக்காரர் மாஸ்டரின் தோளைத் தொட்டு, "நான் சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்ப்பா" என்றார். மாஸ்டர் தாமும் சிரித்துவைக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் போய் மாட்டியது. இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. கடிகாரக்காரரே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா வீட்டம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். பேசி முடித்து வந்த வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தே மாஸ்டர் தெரிந்துகொண்டார். இருந்த மூச்சிலும் பாதி போய்விட்டது.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் அவள் அதைப் பற்றி முதல்முறையாகச் சத்தம் போட்டாள்.

"நான் என்ன ரொட்டிக்கா வாக்கப்பட்டேன்? எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க? யாரு கேட்டா உங்ககிட்ட?"

"அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"நான் இல்லையா? நான் என்ன அலமாரியில வச்ச துணியா?"

அவள் அழுதுகொண்டே அவருடைய சட்டைகளையெல்லாம் எடுத்து மறுபடியும் மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்தவைதான்.

சாயங்காலம் போதகர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தார். மாஸ்டரே ஆரம்பித்தார்.

"அடுத்த மாசத்துலேருந்து கடையில வாங்கிக்குங்க பாஸ்டர்."

"சரிண்ணே."

"என் பங்கு முடிஞ்சுது. அவருக்குக் குடுக்க இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல."

போதகர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அண்ணே, அது உங்க பங்குன்னு யாரு சொன்னா? மாவும் அவருது, அப்பமும் அவருது. நீங்களும் அவருது. நாம நமக்கே சொந்தமில்லண்ணே. அவரு நம்மை விலை குடுத்து வாங்கியாச்சு."

"வாங்கினவரு எதுக்கு வாங்கினாரு? வேலைக்குத்தானே? ஒண்ணுக்கும் உதவாததை யாரு வீட்டுல வச்சிக்குவா?"

வேறு யாராவது என்றால் வசனம் வசனமாக அடுக்கியிருப்பார்கள். போதகருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. "அவரு வச்சிக்கிறாரு" என்று மட்டும் சொன்னார். "எப்படின்னு எனக்குத் தெரியலண்ணே. ஆனா வச்சிக்கிறாரு."

அவர் போன பிறகு மாஸ்டர் அதைப் பலதடவை நினைத்துப்பார்த்தார். ஆறுதலாக இல்லை. யோசிக்க யோசிக்க அவமானமாகத்தான் இருந்தது. இத்தனை காலமும் கடவுளோடு அவருக்கு இருந்தது கொடுக்கல் வாங்கல்தான் என்று புரிந்தது. நல்ல அப்பம் கொடுத்தார், அதனால் தலை நிமிர்ந்து நின்றார். கைவீசிக்கொண்டு போய் நிற்க அவருக்குத் தெரியவில்லை. ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்டுக்கொள்ள நேரம் இருந்தது. மூச்சுதான் இல்லை.

அடுத்த திருவிருந்துக்குக் கோயிலில் பாக்கெட்டில் வந்த அப்பம். வெள்ளை வெளேரென்று காகிதம் மாதிரி இருந்தது. மாஸ்டர் போயிருந்தார். பார்ப்பதற்குப் பொருக்கு எதுவும் இல்லாததால், போதகர் அதை உயர்த்தியபோது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார். கையை நீட்டினார், வைத்தார்கள். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. வேறு எதுவும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரால் கோயிலுக்கும் போக முடியவில்லை.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள் வீட்டம்மா. துணிக்கடையில் அரைநாள் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். வாசலில் வந்து விசாரிக்கிறவர்கள்கூட, "அவரு எப்படி இருக்காரு?" என்றுதான் கேட்டார்கள். யாருடைய பெயரோ கழன்று விழுந்ததுபோல் அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

ஜெபம் பண்ணுவதும் முடியாமல் போயிற்று. பழைய ஜெபம் நீளமானது. மகள், மருமகன், பேக்கரி, முதலாளி, சபை என்று வரிசையாகப் போகும். இப்போது ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். மறுபடி இழுத்துப் பிடித்து ஆரம்பிப்பதற்குள் என்ன கேட்க வந்தோம் என்பது மறந்துபோகும். ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்ற கணக்கில்தான் அவரால் பேச முடிந்தது. தண்ணீர் வேண்டும் என்றால் "தண்ணி". ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றால் "ஜன்னல்".

ஒருநாள் முற்பகலில், அவள் வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஜெபிக்க ஒரு மூச்சை இழுத்தார். ஒரு சொல்லுக்குத்தான் இடம். எதைச் சொல்வதென்று தேடினார். இரங்கும் என்று சொல்லலாம். போதும் என்று சொல்லலாம். சொல்ல வந்ததும் அதுதான், போதும் என்று. ஆனால் வாயில் வேறு வந்தது.

"உம்முடையவன்" என்றார்.

சொன்னதும் நெஞ்சு லேசானதா என்றால், இல்லை. இளைப்பு இளைப்பாகவே இருந்தது. யாரும் கேட்ட மாதிரியும் இல்லை. அடுத்த மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் அதையே மறுபடி சொன்னார்.

வீட்டம்மா நிமிர்ந்தாள். "என்னங்க முனகுறீங்க? தண்ணியா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்புறம் எதுக்கு இருக்கிற மூச்சை வீணாக்குறீங்க" என்று சொல்லி, மடித்த போர்வையை மறுபடி பிரித்து அவர் கால்மேல் போட்டாள்.